தலைகீழாக இறங்கிய மரங்கொத்தி

ராஜபாளையம்
5.2.1990

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ராஜரத்தினம் எழுதுவது. இங்கே நானும் செல்லக்கனியும் தறிகளும் சுகம். உங்கள் முட்டுவலிக்கும் அத்தானின் தூக்கத்துக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன்.

பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பிப் போனதும், அடுப்படியில் வைத்து, "பொண்ண ஊறுகாய் போட்டு வச்சுக்கிடப் போறியாலே?" என்று நாலு பேர் காதுபடக் கேட்டீர்கள். அந்த வார்த்தைக்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் வாசற்படியை மிதிப்பதாக இல்லை. மிதிக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

நம் குடும்ப வழக்கப்படி சனிக்கிழமை விடியற்காலை அய்யனார் கோயிலுக்குப் போய் உத்தரவு கேட்டுவிட்டேன். தனியாகத்தான் போனேன். வழியில் எவரோடும் பேசவில்லை, சேத்தூர்க்காரர் ஒருத்தர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி "வாரீகளா" என்று கேட்டதற்குக்கூட வாய் திறக்கவில்லை. ஓடைக்கரைப் பெரிய மருதமரத்தடியில் நின்று, "அய்யனாரப்பா, வைகுண்டராஜுக்கு என் மகள் செல்லக்கனியைக் கொடுக்கலாமா?" என்று கேட்டேன். மரங்கொத்தி மேலே ஏறினால் சம்மதம், கீழே இறங்கினால் வேண்டாம். உங்களுக்குத் தெரியாததா?

செத்த நேரத்தில் வந்தது. காக்கை அளவு இருக்கும். உடம்பெல்லாம் கருப்பு, வயிறு மட்டும் வெள்ளை, தலையில் சிவப்புக் கொண்டை. டொக் டொக்கென்று நாலு தட்டு தட்டியது. பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே பல்லி மாதிரி தலைகீழாக விறுவிறுவென்று வேர் வரைக்கும் இறங்கிவிட்டது.

நான் என்ன செய்ய? மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், குணமான பையன், நல்ல குடும்பம், எல்லாம் சரி. சாமி வேண்டாம் என்கிறது. பையனின் தகப்பனார் ஐயாதுரை அண்ணாச்சியிடம் மனம் நோகாமல் சொல்லிவிடுங்கள்.

செல்லக்கனிக்கு லேசாகச் சளி போலிருக்கிறது. நான் வந்து விஷயத்தைச் சொன்னதிலிருந்து அவளிடம் பேச்சையும் காணோம், குழம்பில் உப்பையும் காணோம்.

இப்படிக்கு,
உங்கள் வார்த்தையை இன்னும் மறக்காத
ராஜரத்தினம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
9.2.1990

அன்புள்ள தம்பிக்கு,

பரிபூரணம் எழுதுவது. முட்டு வலிக்கிறது, அத்தான் தூங்குகிறார், ஆக இங்கே எல்லாம் வழக்கம்போல. செல்லக்கனிக்குச் சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. நீ பார்த்தது பெரிய கருப்பு மரங்கொத்தி. நம் மலையைச் சரணாலயம் என்று அறிவித்ததிலிருந்து ஞாயிறுதோறும் கழுத்தில் பைனாகுலரைக் கட்டிக்கொண்டு செண்பகத்தோப்பில் அலைகிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் எனக்குக் 'கொத்தி டீச்சர்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். பொன்முதுகு மரங்கொத்தி பார்த்தாயிற்று, குட்டி மரங்கொத்தி பார்த்தாயிற்று, இந்த மகாராஜா மட்டும் கண்ணில் படவே மாட்டேன் என்கிறார். காக்கைக்கும் கோழிக்கும் மேலே ஒரு பறவை தெரியாத உனக்குப் போய் தரிசனம்!

என் குறிப்புக்காக ஒன்றே ஒன்று கேட்கிறேன். இறங்கும்போது தலை கீழே, வால் மேலே என்று இருந்ததா? அல்லது தலை மேலேயே இருக்க, பின்பக்கமாகச் சறுக்கி இறங்கியதா? நன்றாக யோசித்து எழுது. ஐயாதுரை அண்ணாச்சியிடம் இன்னும் மூச்சு விடவில்லை. அதற்கு அவசரமில்லை.

அத்தான் கண் திறந்தால் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொல்வார்.

அன்புடன்,
பரிபூரணம்


ராஜபாளையம்
15.2.1990

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். கஷாயம் வைத்துக் கொடுத்தேன், வாங்கி வாழைமரத்துக்கு ஊற்றிவிட்டாள்.

முதலில் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து கார்டில் எழுதாதீர்கள். தபால்காரர் பால்ச்சாமி தெருமுனையிலிருந்தே படித்துக்கொண்டு வருகிறார். வந்தவர் கார்டை நீட்டிக்கொண்டே, "மொதலாளி, தலகீழாத்தான் எறங்குச்சா, இல்ல சறுக்கிட்டு வந்துச்சா?" என்கிறார். டீக்கடையில் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். தறிக்கூடத்தில் பேண்டேஜ் துணி மடிக்கிற மாடத்தி வரைக்கும், "மொதலாளி, எங்க ஊர்ல மரங்கொத்தி ஏறத்தான் செய்யும்" என்று சாட்சி சொல்ல வருகிறாள். மானம் கப்பலேறுகிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: தலை கீழே, வால் மேலே. கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறேன். சறுக்கவில்லை, வழுக்கவில்லை. தலைகீழாகத்தான் வந்தது.

உங்கள் கார்டைச் செல்லக்கனி இரண்டு முறை படித்துவிட்டு, டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகும்போது கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பறவை மேல் அவளுக்கு இம்புட்டு ஆசை இருக்கிறது என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

ஐயாதுரை அண்ணாச்சியிடம் சீக்கிரம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ராஜரத்தினம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
19.2.1990

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள், இதைப் படித்ததும் உனக்கு லேசாக மயக்கம் வரலாம்.

மரங்கொத்திக்குத் தலைகீழாக இறங்கத் தெரியாது. அதன் வால் இறகு கட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். அதை மரத்தில் ஊன்றி முட்டுக்கொடுத்துத்தான் ஏறும். தலையைக் கீழே போட்டால் முட்டுக்கு வழியில்லை, தொப்பென்று விழவேண்டியதுதான். இறங்கியே தீரவேண்டும் என்றால் தலையை மேலேயே வைத்துக்கொண்டு ஓரிரு அடி பின்வாங்கும். அதையும் உன்னிடம் கேட்டேன். "சறுக்கவில்லை, வழுக்கவில்லை" என்று கோயில் திசையைப் பார்த்து எழுதிவிட்டாய்.

இன்னொரு விஷயம் நேற்று இட்லிக்கு மாவாட்டும்போது தோன்றியது. சிரித்த சிரிப்பில் அத்தானே எழுந்துவிட்டார். நம் குடும்பத்தில் இதுவரை எந்தச் சம்பந்தத்தையாவது மரங்கொத்தி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறதா? அப்பாவுக்குச் சரி என்றது. சித்தப்பாவுக்குச் சரி என்றது. உனக்கும் பாக்கியத்துக்கும் சரி என்றது, மகராசி கண்ணை மூடி ஆறு வருஷமாகிறது, அது நல்ல உத்தரவுதான். எனக்கும் உன் அத்தானுக்கும்கூடச் சரி என்றது என்றால் அந்தப் பறவைக்கு யோசிக்கத் தெரியாது என்பது நிச்சயம். அதற்கு ஏறத்தான் தெரியும், ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. நம் முன்னோர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. யார் கேட்டாலும் சரி என்கிற சாட்சியாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார்கள்.

நம் வம்சத்தில் மரங்கொத்தி வேண்டாம் என்றதாகச் சொன்ன முதல் ஆள் நீதான். என்ன பார்த்தாய் என்று மறுபடி யோசித்து எழுது.

அன்புடன்,
பரிபூரணம்

(இதையும் கார்டில்தான் எழுதுகிறேன். இடம் போதவில்லை என்று இரண்டு கார்டு. பால்ச்சாமிக்கு என் விசாரிப்பு.)


ராஜபாளையம்
12.3.1990

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. நூல் விலை ஏறிக்கிடக்கிறது, கரண்டு வேறு இஷ்டத்துக்கு வந்து போகிறது. லைன் இன்ஸ்பெக்டர்கள் என்ன செய்கிறார்களோ தெரியவில்லை.

நன்றாக யோசித்துப் பார்த்தேன். அது மரங்கொத்தியாக இல்லாமல் இருக்கலாம். விடிந்தும் விடியாத இருட்டு. என் மூக்குக்கண்ணாடியும் வீட்டிலேயே இருந்துவிட்டது. இப்போது நினைத்தால் பறவை சின்னதாகத்தான் இருந்தது, சிட்டுக்குருவி அளவு. முதுகு நீலம், அலகு சிவப்பு, நெற்றியில் கருப்புப் பட்டை, கண் மஞ்சள். அந்தப் பறவைக்குத் தலைகீழாக இறங்கத் தெரியும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேள்வி. ஆக நான் சொன்னது பொய் இல்லை. இறங்கியது இறங்கியதுதான்.

செல்லக்கனி இப்போது பேசுகிறாள். ஆனால் எதற்கும், "ஒங்களுக்குத் தெரியாததாப்பா" என்று ஒரே பதில். மரியாதையான பிள்ளை.

இப்படிக்கு,
ராஜரத்தினம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
15.3.1990

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டினேன், எல்லோரும் சுகம்.

விடியாத இருட்டு. கண்ணாடி இல்லை. ஆனால் சிட்டுக்குருவி அளவுப் பறவையின் கண் மஞ்சள் என்று தெரிந்தது! காக்கை ஒரு மாதத்தில் இளைத்துக் குருவியான கதையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. நீ படித்த புத்தகம் எது என்று எனக்குத் தெரியும். உங்கள் ஊர் நூலகத்தில் பறவைப் புத்தகம் என்று அது ஒன்றுதான் இருக்கிறது, அதற்கு அட்டை போட்டுக் கொடுத்ததே நான்தான்.

போகட்டும். நீ சொன்ன பறவை உண்டு, நட்ஹேட்ச் என்பார்கள், தலைகீழாகவும் நடக்கும். ஆனால் அது மரங்கொத்தி இல்லையே? நம் வழக்கம் மரங்கொத்தியைக் கேட்பது. வழியில் போகிற பறவையெல்லாம் உத்தரவு கொடுக்க ஆரம்பித்தால் விளங்கினாற்போலத்தான். இல்லை, அது அணிலாக இருந்திருக்கலாம் என்று அத்தான் சொல்கிறார். ஓடைக்கரை மருதமரத்தில் பெரிய சாம்பல் அணில் உண்டு, தலைகீழாக இறங்குவதில் அதை மிஞ்ச முடியாது. அணிலைக் கேட்டா பெண்ணுக்குக் கல்யாணம் பேசுவது?

ஆகவே உன் உத்தரவு செல்லாது. 24-ஆம் தேதி சனிக்கிழமை மறுபடி போய்க் கேள். கண்ணாடி போட்டுக்கொண்டு போ.

விளையாட்டை விட்டு ஒன்று சொல்கிறேன். ஐயாதுரை அண்ணாச்சி நேற்று வந்திருந்தார். சாத்தூரில் ஒரு பெண் வீட்டார் நடையாய் நடக்கிறார்களாம். "டீச்சர், பங்குனி முடியிற வரைக்கும் பொறுக்கேன், அதுக்கு மேல என்னால தாக்காட்ட முடியாது" என்றார். பையன் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாத்தூர்ப் போட்டோவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லையாம். இந்த இடம் தவறினால் எனக்கு மனசு ஆறாது.

அன்புடன்,
பரிபூரணம்


ராஜபாளையம்
25.3.1990

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்கள் சொன்னபடி நேற்றுப் போனேன். கண்ணாடி போட்டிருந்தேன். விடிந்ததிலிருந்து உச்சி வெயில் வரைக்கும் மருதமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பறவையும் வரவில்லை. மரம் காலி. கேட்டதற்கு வாய் திறக்காமல் இருப்பதும் ஒரு பதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தோடு இந்தப் பேச்சை விட்டுவிடுவோம். முட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ராஜரத்தினம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
27.3.1990

என் அன்புத் தம்பிக்கு,

இது கார்டு இல்லை, இன்லேண்ட். நன்றாக ஒட்டியிருக்கிறேன். பால்ச்சாமிக்கு ஏமாற்றமாக இருக்கும், இருக்கட்டும்.

சனிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். முதல் பஸ்ஸைப் பிடித்து, அத்தானையும் இழுத்துக்கொண்டு வந்து, உனக்கு முன்பே ஓடைக்கு அந்தக் கரையில் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். நீ பொய் சொல்வதைக் கையோடு பிடித்து உன் மூக்கை அறுக்க வேண்டும் என்றுதான் வந்தேன். அத்தான் பாறையில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

நீ வந்தாய். மரத்தைக் கும்பிட்டாய். பிறகு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட நீ திரும்பிப் பார்க்கவில்லை.

அது வந்தது ராஜரத்தினம். உன் தலைக்கு நேர் மேலே. கருப்பு உடம்பும் சிவப்புக் கொண்டையுமாக, நான் ஒரு வருஷத்துக்கு மேலாகத் தேடின அதே பறவை. அது தட்டின தட்டில் பட்டை உதிர்ந்து உன் தலையிலும் தோளிலும் விழுந்தது. நீ தட்டிக்கூட விடவில்லை. அது வாலை ஊன்றி ஊன்றி உச்சிவரைக்கும் ஏறிப் போனது. சந்தோஷத்தில் கூவிவிடாமல் இருக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

பறவை போனதும் பைனாகுலரை உன் பக்கம் திருப்பினேன். நீ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாய். வியர்வை என்று எழுதாதே. அந்த இடத்தின் குளிர்ச்சி எனக்குத் தெரியும்.

ஏலே, நான் ஒரு மடைச்சி. ஊறுகாய் என்று கேட்டேன் பார், அந்த வாயில் மண்ணைப் போட. பாக்கியம் போனபிறகு அந்தப் பெரிய வீட்டில் உனக்கு அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்? இங்கே கட்டிக்கொடுப்பது ஒன்றும் கடல் தாண்டி அனுப்புவது இல்லைதான். பஸ்ஸில் டிக்கெட் வாங்கிச் சில்லறை எண்ணுவதற்குள் வந்துவிடுகிற ஊர். ஆனால் சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டு வருகிறவனுக்குப் பக்கத்து அறையும் தூரம்தான். இது எனக்கு உறைக்கவில்லை.

நான் பார்த்ததை எவரிடமும் சொல்ல மாட்டேன். இனி உன்னைக் கேட்கவும் மாட்டேன். நீ என்ன முடிவு எடுத்தாலும் சரி.

உன் அக்கா,
பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
7.4.1990

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா? பத்து நாளாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கேட்க மாட்டேன் என்று எழுதினேன், கேட்கவில்லை. ஐயாதுரை அண்ணாச்சி மறுபடி வந்துபோனார் என்பதை மட்டும் தெரிவிக்கிறேன். பங்குனி முடிய இன்னும் ஒரு வாரம்கூட இல்லை என்பதையும் தெரிவிக்கிறேன். அத்தான் மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்.

என் மேல் கோபம் என்றால் திட்டியாவது எழுது.

பரிபூரணம்


ராஜபாளையம்
11.4.1990

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். கோபம் ஒன்றும் இல்லை. எழுத உட்காருவேன், கை ஓடாது. நான்கு இன்லேண்ட் வீணாய்ப் போனது.

அன்றைக்குக் கோயிலிலிருந்து வந்ததும் செல்லக்கனி என்னை நாற்காலியில் உட்காரவைத்து, "தலையெல்லாம் என்னப்பா இம்புட்டு மரத்தூளு?" என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

உங்கள் கடிதம் வந்த பிறகு தினமும் அவளிடம் பேசவேண்டும் என்று வாயைத் திறப்பேன், மோர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்வேன். முந்தாநாள் உங்கள் கார்டு எனக்கு முன்னால் அவள் கைக்குப் போய்விட்டது. நேற்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டிருந்தவளிடம் எப்படியோ கேட்டுவிட்டேன்.

"ஏட்டி, ஒனக்கு அந்த வைகுண்டராஜைப் பிடிச்சிருக்கா?"

கரண்டி அப்படியே நின்றது.

"எப்பா, ரெண்டு மாசமா மரங்கொத்தியக் கேட்டீக. குருவியக் கேட்டீக. அணிலு வரைக்கும் பேசியாச்சு. அத்தை கார்டு கார்டா எழுதுனாக. பால்ச்சாமி அண்ணன் கேட்டாக, டீக்கடையில கேட்டாக. ஒருத்தராவது எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

அக்கா, நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பெண் வீட்டிலேயே இருந்தாள். நான் மலைக்குப் போய்க் கேட்டேன்.

"அதான் இப்பக் கேக்கேன்லா. சொல்லு."

"பிடிச்சிருக்கு."

"எப்ப இருந்து?"

"அவுக பொண்ணு பாக்க வந்தன்னைக்கே. காப்பியில சீனி போடல. அவுக நல்லா இருக்குன்னு சொல்லிக் குடிச்சாக."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. பிறகு நான் அழுதுவிட்டேன். மறைக்கவில்லை, துண்டையும் எடுக்கவில்லை. "நீ போயிட்டா எனக்கு இந்த வீட்ல என்னட்டி இருக்கு" என்று சொல்லியும் விட்டேன். அவளும் அழுதாள். ஆனால், "அப்ப வேண்டாம்ப்பா" என்று சொல்லவில்லை. சொல்வாளோ என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன் அக்கா, சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு உறுதியாயிற்று.

ஐயாதுரை அண்ணாச்சிக்கு உடனே சொல்லிவிடுங்கள், எங்களுக்குச் சம்மதம். வைகாசியில் நாள் பார்க்கட்டும். பயமாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் தறி நின்ற பிறகு என்ன செய்வேன் என்று தெரியவில்லை. இருந்தாலும் கொடுத்துவிடுகிறேன்.

கல்யாணச் சாப்பாட்டுக்கு யாரைச் சொல்வது என்பதைப் பற்றி இன்னும் எழுதவேண்டும், ஆனால் முடியாது போலிருக்கிறது. செல்லக்கனி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நான்தான் தபால்பெட்டி வரைக்கும் நடக்கிறேன் என்றேன், "வேண்டாம், நீங்க நடுவழியில மனசு மாறிருவீக" என்கிறாள். பசை காய வேண்டாமா என்றால், "அதெல்லாம் போற வழியில காஞ்சிரும், கையெழுத்தைப் போடுங்க" என்கிறாள். பாதி வரியிலேயே இன்லேண்டைப் பிடித்து இழுக்கிறா

ராஜரத்தினம்